பத்து வயது தாண்டிய சின்னக் கார்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது

கோலாலம்பூரில் எந்தச் சாலை விளக்கில் நின்றாலும் பக்கத்தில் ஒரு பழைய பெரோடுவா மைவியோ வீவாவோ புரோட்டோன் சாகாவோ நிற்கும். முதல் மைவி 2005-இல் வந்தது, வீவா 2007-இல், சாகாவின் அடுத்த தலைமுறை 2008-இல். அந்த முதல் கார்களில் பல இன்னும் வேலைக்கும் பள்ளிக்கும் பசாருக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. என்னிடம் இருப்பதும் அந்த வயதுக் கார்தான்: 2009-ஆம் ஆண்டு, 1.3 லிட்டர், ஆட்டோ கியர். செந்தூலில் வீடு, ஷா ஆலமில் வேலை. தினமும் காலையும் மாலையும் நெரிசல்.

இந்த வயதில் வரும் பழுதுகளுக்குப் பெரும்பாலும் காரணம் வயதுதான். ரப்பர் காய்ந்து வெடிக்கிறது, மோட்டார்களின் கார்பன் தேய்கிறது, குழாய்களுக்குள் துரு படிகிறது. சரிசெய்ய முடியாதவை குறைவு. ஆனால் எது போயிருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதில்தான் காசு கரைகிறது.

அதனால் பட்டறைக்குப் போகுமுன் ஒன்று செய்யுங்கள். பழுது எப்போது வருகிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, அரை மணி நேரம் ஓடிய பிறகா? நிற்கும்போதா, ஓடும்போதா? நேராகப் போகும்போதா, திருப்பும்போதா? பிரேக் மிதித்தாலா? ஏர்கோன் போட்டாலா? "கார் சூடாகுது" என்று சொன்னால் மெக்கானிக்கிடம் பத்துக் காரணம் இருக்கும். "நின்னா சூடாகுது, ஓடினா இறங்குது" என்று சொன்னால் இரண்டுதான் மிஞ்சும்.

கார் சூடாகிறது

முதலில் இதைச் சொல்லக் காரணம், மற்ற எல்லாப் பழுதும் காத்திருக்கும், இது காத்திருக்காது. சின்னக் கார்களின் இன்ஜின் தலைப்பகுதி அலுமினியம். அளவுக்கு மீறிச் சூடானால் அது வளைந்துவிடும், அதன் அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்பும் போய்விடும். அரை மணி நேரப் பொறுமையில் தப்பியிருக்க வேண்டிய இன்ஜின், ஐந்து நிமிட அவசரத்தில் வீணாவதைப் பார்த்திருக்கிறேன்.

நெரிசலில் நிற்கும்போது சூடேறி, கார் ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ரேடியேட்டர் விசிறியைப் பாருங்கள். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது அந்த வேலையை விசிறி செய்ய வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு ஏர்கோனைப் போட்டு, பானெட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஏர்கோன் போட்டதும் விசிறி சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, விசிறி மோட்டார் என்று வரிசையாகச் சோதிக்க வேண்டும். மோட்டாரின் உடலை ஒரு குச்சியால் மெல்லத் தட்டியதும் சுழன்றால் உள்ளே கார்பன் தேய்ந்திருக்கிறது, மோட்டார் மாற்றும் நேரம் வந்துவிட்டது. விரலை மட்டும் அருகில் கொண்டு போகாதீர்கள், விசிறி எந்த நொடியிலும் சுழலும்.

எனக்கு நடந்ததும் இதுதான். ஜாலான் கூச்சிங்கில் மழை பெய்த ஒரு மாலை, நெரிசலில் வெப்பம் காட்டும் முள் மேலே ஏறியது. மறுநாள் பட்டறையில் "சூடாகுது" என்று மட்டும் சொன்னேன். ரேடியேட்டர் பழசாகிவிட்டது என்று புதிது போட்டார்கள், நானும் தலையாட்டினேன். அடுத்த வாரம் பத்துமலைப் பக்கம் நெரிசலில் மீண்டும் முள் ஏறியது. பிறகு வேறொரு பட்டறையில், ஜாலான் ஈப்போ பக்கம், ஒரு அண்ணனிடம் காட்டினேன்.

"எப்ப சூடாவுது தம்பி? ஓடும்போதா, நிக்கும்போதா?"

"நிக்கும்போதுதான் அண்ணே. ஓடினா இறங்கிடுது."

அவர் நேராக விசிறியிடம் போனார். மோட்டார் ஓய்ந்து போயிருந்தது. ரேடியேட்டருக்குக் கொடுத்த காசு திரும்ப வரவில்லை. பட்டறையில் அந்தக் கேள்வியை அவர்கள் கேட்காவிட்டாலும் நாம் சொல்லிவிட வேண்டும் என்று அன்று முதல் பழகிக்கொண்டேன்.

இதற்கு நேர்மாறாக, நகரத்துக்குள் சரியாக இருந்து, காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் பக்கம் ஏறும்போது மட்டும் சூடானால் விசிறி காரணம் அல்ல. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், சூடேறியதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், தண்ணீர் பம்பின் இறக்கை தேய்ந்திருக்கலாம். மூன்றில் தெர்மோஸ்டாட்தான் மலிவு, சோதிப்பதும் எளிது. கழற்றிக் கொதிநீரில் போட்டால் வாய் திறக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு அப்படியே ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். அது இல்லாமல் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரத் தாமதமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கிறது, கீழே சொட்டும் இல்லை என்றால் கவலைப்பட வேண்டும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் ஓயாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜின் எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் குழம்பு படிந்திருப்பதும், புகைபோக்கியில் வெள்ளைப் புகை விடாமல் வருவதும் அதே சந்தேகத்தை உறுதிப்படுத்தும். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வெண்புகையும் நீர்த்துளியும் வருவது இயல்பு. அதற்குப் பயப்பட வேண்டாம்.

சாலையில் முள் ஏறினால்: ஏர்கோனை நிறுத்துங்கள், பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது. இன்னொன்று, ஆவி பறக்கும்போதே முள் திடீரென்று கீழே இறங்கினால் குளிர்ந்துவிட்டது என்று நம்பாதீர்கள். உணரியைச் சுற்றித் தண்ணீரே இல்லாமல் போயிருக்கலாம். பல சின்னக் கார்களில் முள்ளே கிடையாது, குளிருக்கு நீல விளக்கு, சூட்டுக்குச் சிவப்பு விளக்கு மட்டும்தான். சிவப்பு எரிந்தபோது ஏற்கெனவே தாமதம், உடனே நிறுத்துங்கள்.

நம் நாட்டில் பனி கிடையாது, அதனால் குழாய்த் தண்ணீரே போதும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கூலண்ட் உறைவதைத் தடுக்க மட்டும் அல்ல. துருப்பிடிக்காமல் காக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது, பம்பின் சீலுக்கு ஈரம் தருகிறது. ரேடியேட்டரில் செங்கல் நிறத்தில் தண்ணீர் தெரிந்தால் பல ஆண்டு குழாய்த் தண்ணீர் ஓடியிருக்கிறது என்று பொருள். வடித்து, இரண்டு மூன்று முறை அலசி, சரியான கூலண்ட் ஊற்றுங்கள். வெவ்வேறு வகைக் கூலண்டைக் கலக்காதீர்கள். கலந்தால் சில வகைகள் கெட்டிப்பட்டு ரேடியேட்டரை அடைக்கும்.

ஸ்டார்ட் ஆகவில்லை

சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் வருகிறது என்று கேளுங்கள்.

டிக் டிக் டிக் என்று வேகமாகத் தட்டினால் பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது முனையில் அழுக்கு. ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டு, விளக்கும் மங்கவில்லை என்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பார்க்க வேண்டும். இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் பேட்டரி நல்லதுதான். பெட்ரோல் பம்ப் அல்லது தீப்பொறியில் கோளாறு. சாவியை "ஆன்" நிலையில் வைத்ததும் பின் சீட்டின் அடியில் இரண்டு நொடி மெல்லிய "ம்ம்ம்" கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பம்ப், அதன் ரிலே, ஃபியூஸ். சத்தமே இல்லை என்றால் ஆட்டோ கியர் 'பி'யில் சரியாக உட்காராமல் இருக்கலாம். 'என்'னுக்கு மாற்றி முயன்று பாருங்கள், சில நேரம் அவ்வளவுதான்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இரவு முழுதும் நின்ற காரில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 பாதி, 12-க்குக் கீழே என்றால் வடிந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் மின்சாரம் ஏற்றவில்லை. புதுப் பேட்டரி போட்டு ஒரு மாதத்தில் மீண்டும் படுத்துவிட்டது என்று இன்னொரு பேட்டரி வாங்குவோர் இந்த ஒரு அளவைப் பார்த்திருந்தால் தப்பியிருப்பார்கள். நிறுத்திய பிறகும் ஓடும் டேஷ்கேமும் இரவெல்லாம் பேட்டரியைக் குடிக்கும், அதையும் பாருங்கள்.

பழைய பழக்கம் ஒன்று இன்னும் சில பட்டறைகளில் உண்டு: இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றி, இன்ஜின் நிற்கிறதா என்று பார்ப்பது. கார்புரேட்டர் காலத்தில் அது நடந்தது. கணினி உள்ள காரில் மின்னழுத்தம் எகிறி, இசியு என்ற அந்தக் கணினியே கெடலாம். உங்கள் காரில் யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் முதலில் எதிர்முனையை (−) கழற்றி, வெந்நீர் ஊற்றித் தேய்த்து, உலர்த்தி, இறுக்கிப் பூட்டுங்கள். நம் வெயிலில் பேட்டரிக்கு ஆயுள் குறைவு. இரண்டு ஆண்டு ஓடினால் அது நன்றாக உழைத்திருக்கிறது என்றே நினைக்கலாம். பேட்டரி தளர்ந்தால் மின்சார ஸ்டீயரிங் கனமாகி அதன் எச்சரிக்கை விளக்கும் எரியும். ஸ்டீயரிங்கே போய்விட்டது என்று பயப்படுமுன் வோல்ட்டைப் பாருங்கள்.

ஏர்கோன் குளிரவில்லை

நம் ஊரில் ஏர்கோன் இல்லாமல் பிள்ளைகளைப் பின் சீட்டில் உட்கார வைத்து மதியம் ஒரு மணிக்கு ஓட்ட முடியாது. அதனால்தான் இந்தப் பழுதில் அவசரப்பட்டுக் காசு கொடுப்பது அதிகம்.

ஏர்கோன் கேஸ் பெட்ரோலைப் போலத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேஸ் ஏற்றுகிறீர்கள் என்றால் கசிவுக்கே திரும்பத் திரும்பக் காசு கொடுக்கிறீர்கள். ஒளிரும் சாயம் போட்டோ, நைட்ரஜன் அழுத்தம் ஏற்றியோ கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பழைய கார்களில் பெரும்பாலும் குழாய் இணைப்பின் ரப்பர் வளையம், கம்ப்ரஸர் முன் சீல், அல்லது டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் கூலிங் காயில். கூலிங் காயில் என்றால் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும், கூலியே அதிகமாகும். அந்த வேலைக்கு முன் விலை பேசிக்கொள்ளுங்கள்.

ஓடும்போது குளிர்ந்து, சாலை விளக்கில் நின்றால் வெப்பக் காற்று வருகிறதா? அப்படியென்றால் மீண்டும் அந்த விசிறிதான், அல்லது ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏர்கோன் கண்டென்ஸரில் அடைத்த தூசி. மென்மையாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் கூட வித்தியாசம் தெரியும். முதல் இருபது நிமிடம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே மெலிந்து போய், அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் மீண்டும் வருகிறதா? கூலிங் காயிலில் பனி கட்டியிருக்கிறது. உள்ளிருக்கும் தெர்மோஸ்டாட் உணரியும் கேஸ் அளவும் பார்க்க வேண்டியவை. காற்றின் வேகமே எப்போதும் குறைவு என்றால் கேபின் ஃபில்டர் கறுத்திருக்கும். அதை உங்கள் கையாலேயே மாற்றலாம்.

முன் சீட்டில் இருப்பவர் காலில் தண்ணீர் சொட்டுவது பெரிய பழுதே இல்லை. வெளியே போக வேண்டிய வடிகுழாய் அடைத்திருக்கிறது, ஒரு ஊது ஊதினால் போதும். காருக்கு அடியில் சொட்டுவதோ நல்ல அறிகுறி, ஏர்கோன் வேலை செய்கிறது.

கம்ப்ரஸர் உள்ளே உடைந்து நின்றுபோனால் மட்டும் கவனம். உலோகத் துகள் குழாய் முழுதும் பரவியிருக்கும். குழாய்களை அலசாமல், டிரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் மாற்றாமல் கம்ப்ரஸரை மட்டும் போட்டால் புதியதும் சீக்கிரம் போய்விடும்.

நிற்கும்போது நடுங்குகிறது

'டி'யில் பிரேக் மிதித்து நிற்கும்போது நடுங்கி, 'என்'னில் போட்டதும் அடங்கினால் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறது. 'என்'னிலும் நடுங்கினால், ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, அல்லது இன்ஜினுக்குள் காற்று நுழையும் திராட்டல் பாடி அழுக்கு. அழுக்கு என்றால் ஏர்கோன் போடும்போது ஆர்பிஎம் விழுந்து, சில நேரம் இன்ஜினே அணையும்.

இன்ஜின் சின்னம் போட்ட விளக்கு நிலையாக எரிந்தால் இந்த வாரத்துக்குள் பாருங்கள். மின்னிக்கொண்டே இருந்தால் அன்றே பாருங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுவிடும், அந்தப் பாகத்தின் விலை கேட்டால் தலை சுற்றும். கைப்பேசியோடு இணையும் சின்ன ஓபிடி கருவி ஒன்று இருந்தால், காரின் கணினி பதிந்து வைத்த பழுதுக் குறியீட்டை நீங்களே படிக்கலாம். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0303 என்றால் மூன்றாவது. பி0301 வந்தால் ஒரு வேலை செய்யுங்கள். முதல் சிலிண்டரின் பிளக் காயிலை மூன்றாவதில் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். குறியீடு 0303-க்கு மாறினால் பழுது காயிலில்தான். மாறவில்லை என்றால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், பிறகு கம்ப்ரஷன் என்ற வரிசையில் தேடுங்கள். ஒரு காயில் போனதற்கு நான்கையும் மாற்றச் சொல்பவர்களிடம் இந்தச் சோதனையைச் சொல்லிக் கேட்கலாம்.

காயிலைக் கழற்றும்போது பிளக் குழிக்குள் எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வால்வு கவர் கேஸ்கெட் காய்ந்துவிட்டது. அது மலிவான ரப்பர். மாற்றாமல் விட்டால் புதுக் காயிலும் ஊறிக் கெடும்.

கியர் தாமதமாக விழுகிறது

'ஆர்'இல் போட்டு ஒன்றிரண்டு நொடி கழித்துத்தான் கார் நகர்கிறது, அல்லது மாறும்போது முதுகில் தட்டியது போல் உதறுகிறது. முதலில் கியர் எண்ணெய். கரும்பழுப்பாகவும் தீய்ந்த வாசத்தோடும் இருந்தால் காலம் கடந்துவிட்டது. நான் செய்வது: வடித்து நிரப்பி, சில நூறு கி.மீ. ஓட்டி, மீண்டும் வடித்து நிரப்புவது. சாதாரண ஆட்டோவுக்கும், பெல்ட்டில் ஓடும் சிவிடி என்ற ஆட்டோ வகைக்கும் எண்ணெய் வேறு. 2011-இல் வந்த சாகா எஃப்எல்எக்ஸில் சிவிடி உண்டு. "எல்லா காருக்கும் ஒத்துவரும்" என்ற எண்ணெயை அதில் ஊற்றிக் கியர் பாக்ஸையே இழந்தவர்கள் உண்டு. கையேட்டில் எழுதிய வகையின் பெயரைத் தாளில் எழுதிக் கொண்டு போங்கள், ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

அடியில் சத்தம்

இது செவிக்கு உரிய வேலை. காலியான வாகன நிறுத்துமிடத்தில், ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கி ஓட்டிக் கேளுங்கள்.

மேடு பள்ளத்தில் மட்டும் "டொக் டொக்": ஸ்டெபிலைசர் லிங்க், லோவர் ஆர்ம் புஷ், அப்சோர்பர் மேல் மவுண்டிங். இதில் லிங்க்தான் மிக மலிவு, மிக அதிகமாகப் போவதும் அதுவே. அப்சோர்பர் மாற்றச் சொன்னால் அதில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது "டக டக டக": டிரைவ் ஷாஃப்டின் முனை. அதன் ரப்பர் உறை கிழிந்ததும் கிரீஸ் வெளியேறி, மழைநீரும் மண்ணும் உள்ளே போய்விடும். உறை கிழிந்த அன்றே மாற்றினால் சின்னச் செலவுதான். வேகம் கூடக் கூட விமானம் போல இரைச்சல், வளைவில் திரும்பினால் கூடுகிறது அல்லது குறைகிறது: வீல் பேரிங். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

நெடுஞ்சாலையில் 90, 100-இல் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் டயர் பேலன்சிங். பிரேக் மிதித்தால் மட்டும் நடுங்கினால் டிஸ்க். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பூ (தரையைத் தொடும் வரிப்பள்ளம்) நிறைய இருந்தாலும் பக்கவாட்டு ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். மழையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் பிரேக் மிதிக்கும்போது கைவிடக் கூடாதவை அந்த நான்கு டயர்கள்தான். இதில் மட்டும் நான் விலை பேரம் பேசுவதில்லை.

வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் இயக்கும் டைமிங் விஷயம் தனி. பழைய 1.3 மைவி இன்ஜினில் டைமிங் செயின், சாகாவின் கேம்ப்ரோ இன்ஜினில் டைமிங் பெல்ட். பெல்ட் சத்தமே காட்டாமல் அறும். அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி இன்ஜின் திறக்க வேண்டிவரும். பழைய காராக வாங்கி, பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று ரசீது இல்லை என்றால், கி.மீ. எண்ணிக்கையை நம்பாமல் முதல் வேலையாக அதை மாற்றுங்கள், கூடவே டென்ஷனரையும் தண்ணீர் பம்பையும். செயின் காலத்துக்கும் வரும் என்பார்கள். எண்ணெய் ஒழுங்காக மாற்றியிருந்தால் வரும்.

புகை

நீலம் என்றால் இன்ஜின் எண்ணெய் எரிகிறது, கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். வெள்ளையைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். நீலப் புகை காலையில் ஒரு கணம் மட்டும் வந்தால் வால்வு சீல், அதோடு பல ஆண்டு ஓட்டலாம். முடுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். எதுவானாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவுக்கோலை இழுத்துப் பாருங்கள். பழைய இன்ஜின்கள் எண்ணெய் குடிப்பதால் போவதை விட, குடித்ததை யாரும் பார்க்காததால் போவதே அதிகம்.

தண்ணீரில் ஓட்டிவிட்டால்

2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா பகுதி மூழ்கியபோது எத்தனை கார்கள் கூரை வரை தண்ணீரில் நின்றன என்று பார்த்தோம். தண்ணீரில் இன்ஜின் அணைந்துவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பேட்டரி முனையைக் கழற்றி, இழுவை லாரியைக் கூப்பிடுங்கள். சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் சேராது. அதைத் தனியாகச் சேர்த்து வாங்க வேண்டும். பழைய காருக்கு எதற்கு என்று விட்டுவிடுகிறோம், ஆனால் தாழ்வான பகுதியில் இருப்பவர்களுக்கு அந்தச் சேர்க்கை அவசியம்.

ஆண்டுச் செலவு

சாலை வரி தீபகற்பத்தில் 1,000 சிசி வரை 20 ரிங்கிட், 1.3 லிட்டருக்கு 70, 1.5-க்கு 90. அது சுமையே அல்ல. காப்புறுதியில் கோரிக்கை எதுவும் செய்யாமல் இருந்தால் கட்டணத்தில் கிடைக்கும் கழிவு முதல் ஆண்டு 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45, ஐந்தாம் ஆண்டில் 55. அந்த 55-ஐக் கையில் வைத்துக்கொண்டு சின்னக் கீறலுக்குக் கோரிக்கை செய்தால் கழிவு மீண்டும் தொடக்கத்திலிருந்து. முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பலருக்குத் தெரியாமல் பட்டறையில் அதிர்ச்சி தருவது பெட்டர்மெண்ட். விபத்தில் பழைய பாகத்துக்குப் பதில் புதியது போட்டால் அதில் ஒரு பங்கை உரிமையாளர் கட்ட வேண்டும். ஐந்து வயதுக் காருக்கு 15 விழுக்காட்டில் தொடங்கி, பத்து வயதும் அதற்கு மேலும் என்றால் 40 வரை போகும். அதைத் தள்ளுபடி செய்யும் சேர்க்கை கிடைக்கிறதா என்று புதுப்பிக்கும்போது முகவரிடம் கேளுங்கள்.

தனியார் கார்களுக்கு இங்கே ஆண்டுதோறும் சோதனை கிடையாது. லாரி, டாக்சி போன்றவைதான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகின்றன. நம் கார் பெயர் மாற்றும்போதுதான் புஸ்பகோம் போன்ற மையத்தைப் பார்க்கும். அதனால் பிரேக்கையும் அடிப்பகுதியையும் ஆண்டுக்கு ஒருமுறை காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்வது நம் பொறுப்பு. தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் எல்லாப் பட்டறையும் நிரம்பி வழியும். நான் ஒரு மாதம் முன்பே போய்விடுவேன்.

வைத்துக்கொள்வதா விற்பதா என்று கேட்பவர்களுக்கு நான் காரின் விலையோடு பழுதுச் செலவை ஒப்பிடுவதில்லை. புதுக் காருக்கு மாதம் 500 ரிங்கிட் தவணை என்றால் ஆண்டுக்கு 6,000. ஒன்பது ஆண்டு வரை அந்தக் கடன் ஓடும். பழைய கார் ஓர் ஆண்டில் அவ்வளவு கேட்பது அரிது. போன ஆண்டு டயர், பேட்டரி, மூன்று முறை எண்ணெய், ஒரு வீல் பேரிங், காப்புறுதி எல்லாம் சேர்த்தும் எனக்கு அதில் பாதியைத் தாண்டவில்லை.

கியர் பாக்ஸ் போனால்கூட அவசரப்பட்டு விற்க மாட்டேன். ஹாஃப் கட் (வெட்டிப் பிரித்த பழைய கார்ப் பாகங்கள்) கடையில் நல்லதாகத் தேடி, உத்தரவாதத்தோடு போட்டுவிடலாம். ஆனால் அடிச்சட்டத்தில், அப்சோர்பர் பொருந்தும் இடத்தில், கதவுக்குக் கீழே உள்ள பெட்டியில் துரு ஓட்டை போட்டிருந்தால் அதோடு நிறுத்திவிடுவேன். மோதும்போது உள்ளே இருப்பவர்களைக் காப்பது அந்த இரும்புதான். மேலே பெயிண்ட் பளபளக்கலாம். அடுத்த முறை கார் தூக்கியில் ஏறும்போது ஒரு டார்ச் லைட்டோடு கீழே போய் நின்று, ஸ்க்ரூ டிரைவர் முனையால் அந்த இடங்களை அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் வேறு கார் தேடத் தொடங்குங்கள்.